பெட்ரோல் முள்ளும் காரைக்கால் கணக்கும்

நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் கார் வைத்திருப்பவர்கள் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. எனவே வழியில் நான்கைந்து பங்க் வந்தாலும் உள்ளே திரும்பாமல், பெட்ரோல் தீரப்போகிறது என்று எச்சரிக்கும் மஞ்சள் விளக்கு எரிய எரியக் காரைக்கால் எல்லை வரை ஓட்டிப் போகிறார்கள்.

இன்னொரு குழப்பம் பங்கிலேயே நடக்கிறது. "37 லிட்டர் டேங்க்ல 40 லிட்டர் எப்படிங்க போகும்?" என்று ரசீதைக் காட்டிச் சண்டை, அந்த ரசீதின் படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. மூன்றாவது குழப்பம் புதியது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, திரை காட்டும் "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்ற எண் முன்பைவிட வேகமாகக் குறைகிறது என்கிறார்கள் பலர்.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். டாஷ்போர்டில் இருக்கும் முள்ளை நாம் லிட்டர் அளக்கும் கருவி என்று நம்புகிறோம். அது அப்படிச் செய்யப்பட்டதே இல்லை. அதில் இருக்கும் பிழையில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது, இன்னொரு பகுதி தெரிந்தே வைக்கப்பட்டது. எது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியும்.

டேங்குக்குள் அளக்கப்படுவது உயரம்

பெட்ரோல் டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்றின் நுனியில் பொருத்தப்பட்டு, பெட்ரோலின் மேற்பரப்பில் மிதக்கிறது. மட்டம் இறங்கினால் மிதவை இறங்கும், கம்பி சாயும், கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகரும். தடை மாறுவதால் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தைப் படித்துத்தான் டாஷ்போர்டு முள்ளை நகர்த்துகிறது, அல்லது கட்டங்களை ஏற்றி இறக்குகிறது. இப்போதைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இந்த மிதவையும் பெட்ரோல் பம்பும் ஒரே தொகுப்பாக டேங்குக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, அளக்கப்படுவது ஓர் இடத்தில் மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும். டேங்க் நேரான பெட்டியாக இருந்தால் உயரத்தை வைத்தே லிட்டரைச் சொல்லிவிடலாம். ஆனால் கார் டேங்க் பின் இருக்கைக்கு அடியில், சைலன்சர் குழாய்க்கும் அச்சுக்கும் வழிவிட்டு, கிடைத்த இடத்தில் திணிக்கப்பட்ட ஒரு வடிவம். ஓரிடத்தில் புடைத்திருக்கும், ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும்.

மேட்டூர் அணைச் செய்தியை அன்றாடம் பார்க்கும் டெல்டாக்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அணை நிரம்பினால் நீர்மட்டம் 120 அடி, இருப்பு 93.47 டி.எம்.சி. மட்டம் 100 அடிக்கு இறங்கும்போது இருப்பு சுமார் 65 டி.எம்.சி. ஆகிவிடுகிறது. 60 அடி என்றால் உயரத்தில் சரிபாதி. இருப்பிலோ ஏறக்குறைய கால்பங்குதான். மேலே தண்ணீர் பரந்து கிடக்கிறது, கீழே போகப் போகப் பரப்பு சுருங்குகிறது. அடியை மட்டும் கேட்டுக்கொண்டு நாற்றங்கால் போடுவதா வேண்டாமா என்று எந்த விவசாயியும் முடிவு செய்ய மாட்டார், டி.எம்.சி. எவ்வளவு, வரத்து எவ்வளவு என்று கேட்பார். கார் முள் சொல்வது அடிக்கணக்கு.

புதிய கார்களில் உயரத்தை லிட்டராக மாற்றும் அட்டவணை கணினிக்குள் இருக்கிறது. அதனால் நடுப்பகுதியில் ஓரளவு சரியாகவே காட்டுகின்றன. மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் சிக்கல் தீரவில்லை. மேலே, டேங்க் முழுதாக நிரம்பும் முன்பே மிதவை தன் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஊற்றும் பெட்ரோல் அதற்குத் தெரியாது. டேங்க் ஃபுல் செய்துவிட்டு வெகுதூரம் போன பிறகும் முள் அசையாமல் நிற்பதும், பாதிக்குக் கீழே வந்ததும் சரசரவென்று இறங்குவதும் இதனால்தான். முதல் பாதியில் கிடைத்த தூரத்தை வைத்து இரண்டாம் பாதியும் அவ்வளவு கொடுக்கும் என்று கணக்குப் போடுபவர்கள்தான் வழியில் நிற்கிறார்கள்.

கீழ் நுனியில் இருப்பது தெரிந்தே வைத்த பிழை. முள் வெறுமைக் கோட்டைத் தொடும்போது டேங்கில் கொஞ்சம் எரிபொருள் மிச்சம் இருக்கும்படியே பொதுவாகத் தயாரிப்பாளர்கள் அமைக்கிறார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டினால் ஓட்டுபவர் நடுவழியில் நிற்பார், இருப்பதை இல்லை என்று காட்டினால் பங்குக்குப் போவார். இரண்டாவது பிழைதான் பாதுகாப்பானது.

200 ரூபாய்க்குப் போட்டேன், முள் அசையவில்லை

கார் ஓடும்போது பெட்ரோல் டேங்குக்குள் அலைமோதும். பிரேக் பிடித்தால் முன்னே பாயும், வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும். மிதவை சொல்வதை அப்படியே காட்டினால் முள் ஓயாமல் துடிக்கும். ஆகவே அந்தக் கணத்து மட்டத்தைக் காட்டாமல், கடந்த சில நிமிடங்களின் சராசரியைக் காட்டும்படி மந்தமாக்கி வைத்திருக்கிறார்கள்.

இதன் விளைவு பலருக்குத் தெரிவதில்லை. சிறிய அளவு பெட்ரோல் போட்டால், அது அலைமோதலா, உண்மையாகவே மட்டம் கூடியதா என்று கணினியால் உடனே பிரித்தறிய முடியாது. மட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயர்ந்தால்தான் பெட்ரோல் நிரப்பியிருக்கிறார்கள் என்று ஏற்றுக்கொள்ளும்படி பல கார்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. 200 ரூபாய்க்குப் போட்டால் டேங்குக்குள் போவது ஏறக்குறைய 2 லிட்டர். முள் அசையாமல் இருக்கலாம், மஞ்சள் விளக்கும் அணையாமல் இருக்கலாம். எரிந்த விளக்கு உடனே அணைந்து அணைந்து எரியக் கூடாது என்பதற்காக, எரியும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் இடையே ஓர் இடைவெளி வைத்திருப்பார்கள். பங்கில் ஏமாற்றிவிட்டார்கள் என்று எழும் புகார்களில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன என்பது என் கணிப்பு.

சரிவும் முள்ளைப் பாதிக்கும். நம் பகுதி தஞ்சாவூரிலிருந்து கடல் வரை ஏறக்குறைய தட்டையான நிலம். கொள்ளிடம் கரையில் சாய்த்து நிறுத்தினால்தான் வித்தியாசம் தெரியும். இங்கே ஓட்டிப் பழகியவர்கள் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது முள் திடீரென்று குதிப்பதையும் விளக்கு எரிவதையும் பார்த்துப் பயப்படுகிறார்கள். டேங்க் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பெட்ரோல் மிகக் குறைவாக இருந்தால் அதே சரிவில் பம்ப் உறிஞ்சும் இடத்தை விட்டு அது ஒதுங்கியும் போகும் என்பதால், மலையேறும் முன் நிரப்பிக்கொள்வது அவசியம்.

மஞ்சள் விளக்குக்குப் பின்னால் தனி டேங்க் கிடையாது

பழைய பைக்குகளில் ரிசர்வ் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு ஏற்பாடு. டேங்கின் அடியில் இரண்டு வழிகள். ஒன்று சற்று உயரமான குழாய், மற்றது அடிமட்டத்தில். உயரக் குழாய்க்குப் பெட்ரோல் எட்டாமல் போனதும் வண்டி இருமும், குனிந்து குழாயைத் திருப்புவோம், மிச்சம் இறங்கும். அந்தப் பழக்கத்தில் காரிலும் "ரிசர்வ்ல ஓடுது" என்கிறோம். காரில் திருப்ப எதுவும் இல்லை, தனியாக ஒதுக்கி வைத்த பெட்ரோலும் இல்லை. மட்டம் ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே போனது என்ற எச்சரிக்கை மட்டுமே அந்த விளக்கு.

பழைய கார்கள் சிலவற்றில் அந்த எச்சரிக்கைக்குத் தனி உணரி இருந்தது. வெப்பத்துக்கு ஏற்பத் தடை மாறும் சின்னக் குமிழ் அது. பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்திருக்கும். வெளியே தெரிந்ததும் சூடேறி விளக்கை எரியவைக்கும். முள் பொய் சொன்னாலும் விளக்கு உண்மை சொல்ல வாய்ப்பு இருந்தது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் முள், விளக்கு, திரையில் வரும் கிலோமீட்டர் மூன்றுக்கும் ஒரே மிதவைதான் ஆதாரம். மிதவை சிக்கிக்கொண்டால், அல்லது தடைப்பட்டை தேய்ந்து கறுத்துவிட்டால், மூன்றும் சேர்ந்தே தவறும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், "முள் பாதியில் இருக்கு, விளக்கும் எரியலை, அப்புறம் எப்படி நின்னுது?" என்று மெக்கானிக்கிடம் கேட்கப்படும் கேள்வி. இரண்டு சாட்சி என்று நினைத்தது உண்மையில் ஒரே சாட்சி. முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுவது, எவ்வளவு ஓடினாலும் ஒரே இடத்தில் நிற்பது, இவை பட்டை கெட்டதன் அறிகுறிகள். அப்போது டிரிப் மீட்டரை, அதாவது பூஜ்யத்தில் வைத்ததிலிருந்து ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டுமே நம்ப வேண்டும்.

விளக்கு எரியும்போது எவ்வளவு மிச்சம்? மாடலுக்கு மாடல் மாறும். டேங்க் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்கு வரை என்பது பொதுவான நடைமுறை. 37 லிட்டர் டேங்க் உள்ள ஸ்விஃப்ட் போன்ற காருக்கு அது 4 முதல் 5 லிட்டர், 55 லிட்டர் டேங்க் உள்ள இன்னோவா கிரிஸ்டாவுக்கு 6 முதல் 8 லிட்டர். அந்த லிட்டர் முழுவதையும் எஞ்சினால் எடுக்கவும் முடியாது. அடியில் கொஞ்சம், மூலைகளில் கொஞ்சம் பம்புக்கு எட்டாமல் கிடக்கும்.

திரையில் வரும் கிலோமீட்டர் ஒரு ஊகம்

"இன்னும் 80 கிலோமீட்டர்" என்று திரை காட்டுவது இரண்டு எண்களின் பெருக்கல்: மிதவை சொல்லும் மீதி லிட்டர், அண்மைக்காலத்தில் லிட்டருக்கு ஓடிய கிலோமீட்டர். எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கப்பட்டது என்பது கணினிக்கு நன்றாகவே தெரியும் என்பதால் இரண்டாவது எண் நம்பகமானது. ஆனால் அது நேற்றைய சாலைக்கு உரியது. திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் சீராக வந்த காரில் 80 என்று காட்டினால், அதே 80 கும்பகோணத்துக்குள் நுழைந்து, ஏ.சி. போட்டபடி, முகூர்த்த நாள் நெரிசலில் ஊர்ந்தால் 55 ஆகலாம். கணினி பொய் சொல்லவில்லை. அதற்கு வரப்போகும் சாலை தெரியாது.

எத்தனால் விஷயமும் இங்கேதான் சேர்கிறது. இ20 என்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 முதல் படிப்படியாகப் பங்குகளுக்கு வந்து இன்று வழக்கமான பெட்ரோலாகவே ஆகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6 முதல் 7 சதவீத ஆற்றல் குறைகிறது. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், எத்தனாலுக்கென வடிவமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றும், 10 சதவீதக் கலவைக்கு வடிவமைத்து 20க்கு ஏற்பச் சரிசெய்த வாகனங்களில் 1 முதல் 2 சதவீதமே குறையும் என்றும் சொன்னது. 15 கிலோமீட்டர் கொடுத்த பழைய கார் 14 கொடுக்கும். விளக்கு எரிந்த பிறகு முன்பு 75 கிலோமீட்டர் ஓடியது என்றால் இப்போது 70. கவனிக்க வேண்டிய வித்தியாசம்தான். ஆனால் 80 காட்டிவிட்டு 50இல் நின்றால் அதற்கு எத்தனாலை மட்டும் குறை சொல்ல முடியாது.

சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவில் ஓடும் கார்களின் கதை வேறு. அங்கே அளக்கப்படுவது அழுத்தம். நிரப்பும்போது வாயு சூடேறுகிறது, பிறகு குளிரக் குளிர அழுத்தம் குறைகிறது. ஓடாமல் நின்ற காரிலேயே ஒரு புள்ளி குறைந்து தெரிந்தால் கசிவு என்று பதற வேண்டாம்.

37 லிட்டர் டேங்கில் 40 லிட்டர்

கையேட்டில் போடும் கொள்ளளவு, டேங்கை விளிம்பு வரை நிரப்பினால் எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்வதில்லை. வெயிலில் பெட்ரோல் விரிவடையும், ஆவியாகும். அதற்காக மேலே வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். மூடியிலிருந்து டேங்க் வரை இறங்கும் குழாய் ஒன்றும் இருக்கிறது. பங்கின் நாசில் தானாக 'டக்' என்று நின்ற பிறகும் "ரவுண்டா போடுங்க" என்று ஊற்றச் சொன்னால் அந்த வெற்றிடமும் குழாயும் நிரம்பும். கூடுதலாகச் சில லிட்டர் போவது சாத்தியமே. போகக் கூடாத இடத்துக்குப் போகிறது என்பதுதான் பிரச்சினை. ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவ பெட்ரோல் இறங்கினால் அது பாழாகும், மாற்றுவதற்குச் செலவும் பிடிக்கும். முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்துவதே சரி.

இனி, பங்கில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

1. முள்ளைக் காட்டி வாதாடுவதில் பயன் இல்லை. பங்கின் இயந்திரம் எடையளவுச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை இடப்படுவது. அதற்கு அனுமதிக்கப்பட்ட பிழை 5 லிட்டருக்கு 25 மில்லி. அதாவது 30 லிட்டர் போட்டால் 150 மில்லி. உங்கள் முள்ளின் பிழை லிட்டர் கணக்கில் இருக்கும்.
2. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரே அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.
3. அளவு குறைந்தால் தமிழ்நாட்டில் புகார் கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு.
4. கொள்ளளவைவிடச் சில லிட்டர் கூடியதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பாதி டேங்க் இருந்தபோதே 30 லிட்டர் போனதாகச் சொன்னால் கட்டாயம் கேள்வி கேளுங்கள்.

உங்கள் காரின் மிச்சத்தை நீங்களே அறிவது

விளக்கு எரிந்ததும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பொது விடை கிடையாது. ஆனால் உங்கள் காருக்கு விடை உண்டு, அதைக் கண்டுபிடிக்க வண்டியை நிற்கும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

1. முதல் 'டக்' வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள்.
2. மஞ்சள் விளக்கு எரிந்த உடனே, அருகில் உள்ள பங்கில், முடிந்தால் முதலில் நிரப்பிய அதே பங்கில், மீண்டும் முதல் 'டக்' வரை நிரப்புங்கள்.
3. கையேட்டில் உள்ள கொள்ளளவிலிருந்து இப்போது போட்ட லிட்டரைக் கழியுங்கள். 37 லிட்டர் டேங்கில் 32 லிட்டர் பிடித்தால், விளக்கு எரிந்தபோது மிச்சம் சுமார் 5.
4. ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும்.

நாசிலின் கோணமும் வேகமும் மாறினால் 'டக்' விழும் இடம் ஒரு லிட்டர் வரை முன்பின் ஆகும். எனவே ஒரு முறையோடு நிறுத்தாமல் சில முறை செய்து, வந்ததில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பாதியைத்தான் நம்பலாம் என்பது என் கருத்து: 5 லிட்டர் மிச்சம், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 70 வருகிறது, 35க்குள் பங்கை அடைந்துவிடுவது நல்லது.

அப்படியானால் காரைக்கால்?

லிட்டருக்கு 5 ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். 32 லிட்டர் நிரப்பினால் 160 ரூபாய். நாகப்பட்டினத்திலிருந்து காரைக்கால் சுமார் 20 கிலோமீட்டர். போய்த் திரும்ப 40 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 3 லிட்டர், 300 ரூபாய்க்குப் பக்கம். காரில் இதற்கென்றே போவது, எல்லைக்கு ஒட்டிய ஊர்க்காரர்களைத் தவிர யாருக்கும் கட்டுப்படியாகாது. திருநள்ளாறுக்கோ வேறு வேலைக்கோ போகும் வழியில் நிரப்பினால் லாபம்தான். அப்போதும் கும்பகோணத்தில் விளக்கு எரிந்துவிட்டால் காரைக்கால் 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மேலே சொன்ன 35 கணக்கில் அது அடங்காது. வழியில் 2, 3 லிட்டர் போட்டுக்கொண்டு போனால் அந்த அளவுக்கு மட்டும்தான் 10, 15 ரூபாய் இழப்பு.

அடிக்கடி விளக்கு எரியும்வரை ஓட்டினால் அடியில் உள்ள கசடு எஞ்சினுக்குள் போகும் என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டேங்க் நிரம்பியிருந்தாலும் பம்ப் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. உண்மையான கேடு பம்புக்கு. சுற்றியும் உள்ளும் ஓடும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும் உராய்வுத் தடுப்பும். பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கத் தொடங்கினால் சூடேறித் தேயும். எஞ்சின் விட்டு விட்டு எரிந்தால் புகைக்குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கிப் பகுதியும் கெடும். டீசல் வண்டியில் விளைவு இன்னும் கடுமை: முழுதாகத் தீர்ந்தால் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடும், பல வண்டிகளில் டீசல் ஊற்றினாலும் காற்றை வெளியேற்றாமல் எஞ்சின் கிளம்பாது. உயரழுத்தப் பம்புக்கு டீசலே எண்ணெயாகவும் இருப்பதால் அது உலர்ந்து ஓடினால் பழுதுச் செலவு 160 ரூபாய் லாபத்தைப் பல மடங்கு விழுங்கிவிடும்.

கடலோர டெல்டாவுக்கு இன்னொரு கணக்கு தனியாக உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. நிலத்தடி டேங்கிலிருந்து பெட்ரோலை மேலே ஏற்ற பங்குக்கு மின்சாரம் வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, குறிப்பாகத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் இருப்பவர்கள், முள் பாதிக்கு வந்ததும் நிரப்பிவிட வேண்டும். முள்ளின் பாதி என்பது டேங்கின் பாதிக்கும் குறைவாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், முக்கால் கோட்டிலேயே பங்குக்குத் திரும்புவதிலும் தவறில்லை.